ஈவன்ட் என்ற கட்டம்

பெரியநாயகத்துக்கு அறவே பிடிக்காத சொல் 'ஈவன்ட்'. திண்டிவனத்தில் எங்கள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் அவர். எந்தப் பிள்ளையாவது "என் ஈவன்ட் நூறு மீட்டர் சார்" என்று சொல்லிவிட்டால் போதும், விசிலைக் கடித்துக்கொண்டு முறைப்பார்.

"பன்னண்டு வயசுல இன்னா ஈவன்ட்டு? ஒடம்பு மொத்தமும் உன்னுதுதானே?"

ஓடுகிறவனைக் கயிறு ஏறச் சொல்வார். குண்டு எறிகிறவளைக் கோகோவில் குந்த வைப்பார். வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் இடது கையால்தான் பந்து எறிய வேண்டும். எனக்கு இதெல்லாம் கிறுக்குத்தனமாகப் பட்டது. நான் தமிழ் வாத்தியார். மைதானத்தைத் தாண்டுவது டீக்கடைக்குப் போக மட்டும்.

லூர்துமேரியைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். எட்டாம் வகுப்பு. ஓட்டம், தாண்டல், எறிதல், எதைக் கொடுத்தாலும் இரண்டாவதாக வருவாள். எதிலும் முதல் இல்லை.

"இப்ப முதல் வேணாம் சார். பதினெட்டு வயசுல பாருங்க" என்பார் பெரியநாயகம்.

எண்பத்து மூன்றில் சென்னையில் ஒரு விளையாட்டு விடுதிக்கு விழுப்புரத்தில் ஆள் எடுத்தார்கள். சேர்ந்துவிட்டால் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. லூர்துமேரியின் அம்மா இருதயமேரி பள்ளிக்கே வந்து சொல்லிவிட்டார்: "எடம் கெடைக்கலன்னா கடலைக் கொல்லிக்கு மல்லாட்டை புடுங்க இட்டுக்கினு போயிடுவேன் சார்."

என் கையெழுத்து அழகு என்று பெரியநாயகம் படிவத்தை என்னிடம் கொண்டுவந்தார். அதில் 'ஈவன்ட்' என்று ஒரு கட்டம்.

"எல்லாம்னு எழுதுங்க சார்."

"ஒண்ணுதானே கேக்கறாங்க?"

"எழுதுங்க. புள்ளைய நேர்ல பாக்கட்டும்."

எழுதினேன். முத்து முத்தாக எழுதினேன்.

விழுப்புரம் மைதானத்தில் ஒவ்வொரு ஈவன்ட்டுக்கும் ஒரு வரிசை. அட்டையோடு நின்றவர் படிவத்தைப் பார்த்தார்.

"எல்லாம்னா எந்த லைன்ல நிறுத்தறது? இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

திருத்தித் தருகிறோம் என்று கெஞ்சினோம். பள்ளி முத்திரை விழுந்த படிவத்தில் இனிமேல் கை வைக்கக் கூடாது என்றார். லூர்துமேரி செருப்பைக் கழற்றிவிட்டுச் சாயங்காலம் வரை கொடிக்கம்பத்தடியில் நின்றாள். அவளை ஓடு என்று யாரும் சொல்லவில்லை.

மூன்று பேரும் பஸ் ஏறினோம். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மரத்துப் போயிருந்தது. திண்டிவனத்தில் இறங்கும்போது அவள், "சார், செருப்ப அங்கியே வுட்டுட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. பெரியநாயகம் வந்தார். மரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி அறைக்குள் போட்டுப் பூட்டினார்.

எண்பத்தாறில் அவள் தங்கை அருள்ராணி ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் விளையாட்டு பீரியடில் பெரியநாயகம் நோட்டை விரித்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். டீக்கடைக்குப் போகிற வழியில் நான் நின்றுவிட்டேன்.

"உன் ஈவன்ட் இன்னா?"

"எங்கக்கா பண்ணதுதான் சார்."

அவர் தலை நிமிரவில்லை. 'நூறு மீட்டர்' என்று எழுதிக்கொண்டு, "அடுத்து" என்றார்.