பட்டியலில் இல்லாத ஆள்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இது நடந்தது. செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்றைய பக்கத்தில் இருப்பது என் கையெழுத்துதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் என் மனைவியின் பெரியப்பா வேலூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போயிருந்தார். இந்திய ராணுவத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லை மலையில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது பதினோரு வீரர்களை உயிரோடு கீழே கொண்டுவந்ததற்காகப் பதக்கம் வாங்கியவர். அதை முறையாக எழுதிவைக்க நினைத்து, எந்த ஆண்டு, எத்தனை மணி, எவ்வளவு உயரம் என்று வரிசையாகக் கேட்டேன். அவர் எதற்கும் நேராகப் பதில் சொல்லவில்லை.

"கீழ வந்ததும் பேர் கூப்பிட்டேன் மாப்ள. பதினோரு பேரும் இருந்தாங்க. சரின்னுட்டேன். எங்களுக்கு மண்ணெண்ணெய் சுமக்கிற மலைக்காரன் ஒருத்தன் மேலயே கிடந்தான். அவன் பேரு லிஸ்ட்ல கிடையாது."

மறுநாள் காலையில் அவரே ஏறிப்போய்த் தூக்கிவந்தாராம். உயிர் இல்லை. பதக்கத்தைப் பற்றிக் கேட்டேன். பீரோவில் எங்கேயாவது கிடக்கும் என்றார். எனக்கு ஏமாற்றம். 'விவரம் முழுமையாகக் கிடைக்கவில்லை' என்று எழுதி நாட்குறிப்பை மூடினேன்.

எங்கள் தொழிற்சாலையில் குளிர் அறைக்கு அமோனியா வாயு போகும். அந்தச் செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்ட் முடிந்து ஆட்கள் கிளம்பும் நேரத்தில் குழாய் ஒன்று உடைந்தது. சங்கு ஊதுவதற்கு முன்பே கண் எரிந்தது. கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினோம். ஆபத்து நேரத்தில் ஆட்களை எண்ணுவது என் பொறுப்பு. ஆட்கள் வருவதையும் போவதையும் பதியும் பஞ்ச் கார்டு எந்திரத்தின்படி உள்ளே இருந்தவர்கள் நாற்பத்துமூன்று பேர். பெயர் கூப்பிட்டேன். நாற்பத்துமூன்று பேரும் குரல் கொடுத்தார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அதற்குள் வந்துசேர்ந்த தீயணைப்பு அதிகாரியிடம் மலாயில் சொன்னேன். அப்படியானால் உள்ளே யாரும் போக வேண்டாம், வெளியிலிருந்தே வாயுவை அடைக்கலாம் என்று அவர் முடிவு செய்தார்.

அப்போது காற்று திரும்பியது. கூரைக்கு மேல் நின்ற வெண்புகை எங்கள் பக்கம் சாய்ந்தது. சாலைக்கு ஓடச் சொன்னார்கள். ஓடுமுன் கையில் இருந்த பட்டியலைப் பார்த்தேன். எல்லாப் பெயருக்கும் நேராகக் குறி போட்டிருந்தேன். ஒன்றுகூட விடுபடவில்லை. அதைப் பார்த்ததும்தான் பெரியப்பா சொன்ன மலைக்காரன் நினைவுக்கு வந்தான்.

"லிஸ்ட்டுல இல்லாத யாராச்சும் உள்ள இருக்காங்களா?" என்று கத்தினேன்.

"இப்பத்தான லா எல்லாரும் இருக்காங்கன்னு சொன்னீங்க," என்று சலித்துக்கொண்டார் ஷிப்ட் மேற்பார்வையாளர். மறுபடியும் கேட்டேன். எந்திரம் ஓட்டும் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அருகில் போய் நின்றேன்.

"அண்ணே," என்றார். "அவன் கார்டையும் நான்தான் அடிச்சேன். குளிச்சிட்டு நேரா கோயிலுக்குப் போறேன்னான்."

ஷிப்ட் முடிந்ததும் பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடும் அவசரத்தில் ஒருவரே இரண்டு கார்டு அடிப்பது எங்களிடம் வழக்கம். பிடிபட்டால் இருவருக்கும் வேலை போகும். எந்திரத்தின் கணக்குப்படி அவருடைய நண்பர் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் குளியலறை இருப்பது குளிர் அறைக்குப் பின்னால்.

தீயணைப்பு அதிகாரியிடம் ஓடினேன். பிறந்ததிலிருந்து பேசிவரும் மலாய், அப்போது நாக்கில் வரவில்லை. ஒரு விரலைக் காட்டினேன், பிறகு கட்டடத்தைக் காட்டினேன். முகமூடி போட்ட இரண்டு பேர் 3.31க்கு உள்ளே போனார்கள். கதவை மூடியிருந்த புகை அசையவேயில்லை. கார்டு அடித்தவர் தரையில் குந்தி என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடியை உதற வேண்டும்போலவும் இருந்தது, அது விட்டுப்போனால் விழுந்துவிடுவேன்போலவும் இருந்தது.

3.42க்கு அந்த நண்பரைத் தூக்கிவந்தார்கள். ஈரத் துண்டால் முகத்தைப் பொத்தியபடி குளியலறை மூலையில் சுருண்டு கிடந்தாராம். மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். பிழைத்துக்கொண்டார். குரல் மட்டும் இன்னும் கரகரப்பாகவே இருக்கிறது. நான் எண்ணியது ஆட்களை அல்ல, கார்டுகளை என்று அறிக்கையின் முதல் வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்த ஆளு பேரு என்ன?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அதன் பிறகு அவராகவே அந்த மலைக்காரனின் பெயரைச் சொன்னார். நான் அன்று கேட்காமல் விட்ட ஒரே விவரம் அதுதான்.

பெரியப்பா போன வருடம் காலமானார். பழைய பக்கத்தில் 'விவரம் முழுமையாகக் கிடைக்கவில்லை' என்று நான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு அந்த மலைக்காரனின் பெயரை எழுதிவைத்திருக்கிறேன். இன்றும் ஆபத்துக்கால ஒத்திகை நாட்களில் பெயர் கூப்பிடுவது நான்தான். கணக்கில் ஒருவர் குறைந்தால் தேடிவிடலாம். எல்லாம் சரியாக வரும்போதுதான், பட்டியலில் இல்லாத யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று மறுபடியும் கேட்கிறேன்.