ஓட்டல் இட்லி தின்ற வாரம்

அம்மா பிள்ளைப்பேற்றுக்காக ஆஸ்பத்திரிக்குப் போன வாரம் எங்கள் வீட்டில் அடுப்பு ஒரே ஒரு நாள்தான் எரிந்தது. எனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். தம்பிக்குப் பேச்சு இன்னும் திருந்தவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டின் முன்பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது. அப்பா சேலை நெய்வார், கரைக்குக் கைகொடுக்க அம்மா பக்கத்தில் உட்காருவாள். நடுநடுவே எழுந்துபோய்க் கேழ்வரகுக் கூழைக் கிண்டிவிட்டு வருவாள். காலையில் கூழ், மதியம் கூழ், இரவு மட்டும் சோறு. கடையில் வாங்கித் தின்பது என்றால் காய்ச்சல் வரும்போது கிடைக்கிற பன்தான்.

முதல் நாள் அப்பாவே சோறாக்கினார். அத்தனை இழைகளுக்கு நடுவே அறுந்த ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுகிறவருக்கு, அரிசி வெந்ததா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. அடியில் கரியும் மேலே அரிசியுமாக இருந்ததைத் தம்பி துப்பினான். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்.

வாழையிலைப் பொட்டலத்தில் இட்லி வந்தது. தூக்கில் சாம்பார். இலையைப் பிரித்ததும் எழுந்த ஆவியில் நான் முகத்தை வைத்துக்கொண்டேன். மறுநாளும் இட்லி. அதற்கடுத்த நாள் பூரி. தறி ஓடாத வாரத்தில் அப்பா இதையெல்லாம் எப்படி வாங்கினார் என்றோ, அவர் என்ன சாப்பிட்டார் என்றோ நான் நினைக்கவில்லை. அம்மா இன்னும் சில நாள் கழித்து வந்தால் தேவலை என்றுதான் நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் அம்மா குதிரைவண்டியில் வந்து இறங்கினாள். கையில் துணிமூட்டை மட்டும் இருந்தது.

"பாப்பா எங்கம்மா?"

அப்பாதான் பதில் சொன்னார். "பாப்பா சாமிகிட்ட போயிடுச்சும்மா."

எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு சாமி. அதனால், "எந்தக் கோயில்ல இருக்குது?" என்று கேட்டேன்.

அம்மா நேராக அடுப்படிக்குப் போனாள்.

"நீ படுத்துக்க. நான் போயி வாங்கியாறேன்," என்றார் அப்பா.

"போதும். எத்தினி நாளைக்குத்தான் வாங்குவீங்க?" என்று சொல்லிக்கொண்டே சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்தாள்.

சோறும் மிளகு ரசமும் தட்டில் வந்தன. நான் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"எனக்கு ஓட்டல் இட்லிதான் வேணும். நீ மறுபடியும் எப்பம்மா ஆஸ்பத்திரிக்குப் போவ?"

அப்பா கையை ஓங்கிவிட்டார். என்னை ஒருநாளும் அடித்திராதவர். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுங்க. கொழந்த. அதுக்கு இன்னா தெரியும்?"

என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். ரசம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாய் வாங்கிய பிறகுதான் கவனித்தேன். அவள் மார்பெல்லாம் நனைந்து, ரவிக்கை ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, மேலெல்லாம் கஞ்சிய கொட்டிக்கினு இருக்கிற?"

அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"ஆமாம்மா. வடிக்கும்போது கொட்டிடுச்சு."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து தெருவுக்குப் போய்விட்டார். கஞ்சி கொட்டியதற்கு இவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அது கஞ்சியில்லை, பால் என்று தெரிந்துகொள்ள நானும் ஒரு பிள்ளை பெற வேண்டியிருந்தது.