வான்கோழிமேல் ஒரு பந்தயம்

வான்கோழி முட்டாள் பறவை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொன்னவரை ஒரு வைகாசி விடியலில் கூட்டிக்கொண்டுபோய், நனைந்த சருகின்மேல் இருத்தி, மூக்கில் நுளம்பு குந்தினாலும் கையைத் தூக்காதே என்று சொல்ல வேண்டும். அப்போது தெரியும் யார் முட்டாள் என்று. அப்படி இரண்டு வசந்தம் இருந்துவிட்டு வெறுங்கையோடு எழும்பி வந்தவள் நான். முதல் வருசம் ஒரு சேவலின் வாலைக் கண்டேன். அடுத்த வருசம் வாலும் இல்லை.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது வேலைத்தலத்தில். டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். என்னோடு மரக்கறி வெட்டும் கியூபெக்காரி ஒருத்தியின் தகப்பனுக்கு அமெரிக்க எல்லைப் பக்கம் மேப்பிள் தோப்போடு ஒரு பண்ணை இருக்கிறது. ஒருநாள் அவள் தான் சுட்ட காட்டு வான்கோழியில் ஒரு துண்டு இறைச்சி கொண்டுவந்து தந்தாள். மிளகும் தேங்காய்ப் பாலும் போட்டுப் பிரட்டினேன். என்ன ருசி! அடுத்த கிழமையே துவக்குப் பிடிக்கிற வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், அதுவும் பிரெஞ்சில். "கடையில இல்லாத கோழியா?" என்று என் கணவர் இன்றைக்கும் கேட்கிறார். கேட்கட்டும். கடைக் கோழி மரத்திலிருந்து கூவி நம் நெஞ்சைப் பதற வைக்குமா?

இந்த வசந்தம் என் வேட்டைக்கு இன்னொரு காரணமும் வந்து சேர்ந்தது. அது மச்சாள்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. அண்ணன் போய் மூன்று வருசம். மட்டக்களப்பிலிருந்து வந்த காலம் முதல் இந்த நகரத்தின் வில்லரேப் பகுதியில் ஒரே கட்டடத்தில் நாங்கள் மேல்வீடு, அவர்கள் கீழ்வீடு. அவளுடைய ஒரே மகளுக்கு ஆனியில் கல்யாணம் வைத்திருந்தோம். ஆனால் மச்சாள் மணவறைப் பக்கம் வரமாட்டாளாம். நானும் என் கணவரும் தாய் தகப்பன் இடத்தில் நின்று செய்து கொடுக்க வேண்டுமாம். தாலி இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக்கூடாது, அதனால் தான் பின்வரிசையில் இருந்து பார்ப்பாளாம். மகள் தமிழும் பிரெஞ்சும் கலந்து அழுது பார்த்தாள். நான் கத்திப் பார்த்தேன்.

"செத்தது என்ட அண்ணன். அவன் இருந்தா உன்ட தலையில ஒரு குட்டுக் குட்டி முன்னுக்கு இழுத்துக்கொண்டு போவான்," என்றேன்.

"அவர் இருந்தா எனக்கு ஏன் கா இந்தக் கதை?" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டுபேரும் இறால் உரித்துக்கொண்டிருந்தோம். நான் மறுபடி அதையே தொடங்கினேன். மச்சாளுக்குச் சினம் வந்துவிட்டது.

"நீ ஒரு வான்கோழி சுட்டுக் கிழி கா, நான் முன்னுக்கு நிக்கிறன்," என்றாள்.

காகம் வெள்ளையாகிற அன்றைக்குப் பார்ப்போம் என்ற மாதிரித்தான் சொன்னாள். நான் விடுவேனா?

"சொன்ன சொல் மாறக்கூடாது மச்சாள்."

"மாறமாட்டன். ஆனா நீ சுடாட்டி இந்தக் கதைய இனி என்னட்ட எடுக்கப்படாது."

"சரி," என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

லீவு கிடைத்த நாளெல்லாம் அந்தப் பண்ணைக்குப் போனேன். ஒருநாள் மழை, ஒரு குஞ்சுகூட வாய் திறக்கவில்லை. இன்னொரு நாள் நான் ஊன்றிவைத்த பொம்மைப் பேட்டைக் கண்டு ஒரு சேவல் நல்லபடியாக என்னை நோக்கி வந்தது. பாதி வழியில் நிஜப் பேடுகள் கூட்டமாக வந்து அதைக் கூட்டிக்கொண்டு போய்விட்டன. யார்தான் பொம்மைப் பேட்டை நம்பி நிஜத்தை விடுவார்கள்? வேறொரு நாள் நான் முன்னுக்குப் பார்த்தபடி இருக்க, ஒன்று சத்தமே இல்லாமல் பின்பக்கத்தால் வந்து நின்றது. தலையை ஒரு விரற்கடை திருப்பினேன், ஆளைக் காணவில்லை. அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டு போனது காலில் கடித்த உண்ணி ஒன்றைத்தான். ஒவ்வொரு முறையும் மச்சாள் கீழ்வீட்டுக் கதவைத் திறந்து, "எங்க கா கோழி?" என்று கேட்பாள். அப்படியே கதவை அடித்துச் சாத்த வேண்டும்போல இருக்கும்.

வேட்டைப் பருவத்தின் கடைசி நாளுக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

"நீ ஏன்?"

"நீ கடையில வாங்கி, இறகு ஒட்டிக்கொண்டு வந்து சுட்டனெண்டும் சொல்லுவாய்."

காட்டில் மறைந்திருக்க என் கணவரின் இலைப் படம் போட்ட சட்டையை அவளுக்குக் கொடுத்தேன். புறப்படும்போது என் நெற்றிப் பொட்டைக் கழற்றிக் கண்ணாடியில் ஒட்டினேன். சேவலின் தலை சிவப்பும் நீலமும் வெள்ளையுமாக இருக்கும். அந்த நிறத்தில் எதையாவது போட்டுக்கொண்டு காட்டில் இருந்தால் வேறொரு வேட்டைக்காரன் நம்மையே கோழி என்று நினைத்துவிடலாம். அதை அவளுக்குச் சொன்னேன். அவள் கண்ணாடியில் எங்கள் இருவரின் வெறும் நெற்றியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இருட்டு விலகுமுன் பண்ணையில் காரை நிறுத்தி, சேற்றுப் பாதையால் நடந்தோம். மச்சாளுக்கு அடிக்கு ஓர் 'ஐயோ'. புல்வெளியின் ஓரத்தில் பொம்மைப் பேட்டை ஊன்றிவிட்டு, ஒரு பெரிய மேப்பிளில் முதுகைச் சாய்த்து, வலைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தோம்.

வான்கோழிகள் இரவில் மரத்தில்தான் உறங்கும். விடியும்போது சேவல் அங்கிருந்தே கூவும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அது எங்கே என்று பிடிக்க வேண்டும். கூவாவிட்டால் நாம் ஆந்தைபோலக் கத்திப் பார்க்கலாம். சேவலுக்கு எரிச்சல் வந்து பதில் கொடுத்துவிடும். நான் கத்தினேன். பதில் இல்லை. இன்னும் பலமாகக் கத்தினேன்.

"ஆந்தைக்குத் தடிமனா கா, மூக்கடைச்சுக் கிடக்கு?" என்றாள் மச்சாள் மெதுவாக.

வெளிச்சம் வந்தது. சின்னக் குருவியெல்லாம் பாடியது. மூடியை உரசினால் பேடு கூப்பிடுகிற மாதிரிக் கேட்கும் மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதை உரசி உரசி என் மணிக்கட்டு வலித்தது. காடு வாயே திறக்கவில்லை. ஆனியில் மணவறையில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நானும், பின்வரிசையில் பெற்றவளும் இருக்கிற காட்சி கண்ணுக்கு முன்னே வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்தேன்.

"போவம் மச்சாள். நீ வெண்டுட்டாய்."

அவள் எழும்பவில்லை.

"சத்தம் கேட்டாத்தான் அது கத்துமா?"

"ஓம்."

"என்ன சத்தமெண்டாலுமா?"

"திடீரெண்டு பெரிசாக் கேட்டாக் காணும். கார்க் கதவு அடிச்சாலும் கத்துமாம்."

முகத்து வலையை மேலே தூக்கினாள். உள்ளங்கையை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, நாக்கைச் சுழற்றி, குரவை போட்டாள்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கல்யாண வீட்டிலும் கோயிலிலும் போடுகிற அதே குரவை. மச்சாளின் குரவைக்கு நிகர் எங்கள் சொந்தத்தில் யாரும் இல்லை. அவள் தொடங்கினால் மற்றவர்கள் மூச்சு முட்டி நிறுத்த, இவளுடையது மட்டும் போய்க்கொண்டிருக்கும். அண்ணன் போன நாளிலிருந்து அவள் அதற்கு வாய் திறந்ததில்லை. என் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குக்கூட குசினியை விட்டு வெளியே வரவில்லை. அந்தக் குரல் இப்போது மேப்பிள் மரங்களுக்கு மேலே ஏறிப் போனது.

முதல் குரவைக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது முடியுமுன், ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து களகளவென்று ஒரு சேவல் கத்தியது. மூன்றாவதுக்கு அது இன்னும் ஆத்திரமாகக் கத்தியது.

"ஐயோ மச்சாள்! மச்சாள்!" எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கதைக்காத! பெட்டிய உரசு!" என்றாள் அவள்.

மெதுவாக உரசினேன். பதில் வந்தது. பொறுத்து இன்னொரு தரம் உரசினேன். இப்போது ஓடைக்கு இந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மச்சாள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். பிறகு புல்வெளி ஓரத்தில் ஆள் வந்துவிட்டார். வாலை விசிறி, இறகையெல்லாம் ஊதிக்கொண்டு, வெயிலில் செம்பும் பச்சையுமாக மின்னி, நெஞ்சுத் தாடி தொங்க, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பன் வருகிற மாதிரி பொம்மைப் பேட்டை நோக்கி நடந்து வந்தார். என் நெஞ்சு அடிக்கிற சத்தம் அதற்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தேன்.

கன்னத்தைத் துவக்கிலிருந்து எடுக்காதே என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லித் தந்திருந்தார்கள். விசையை இழுக்கிற அந்த நொடியில், இன்னும் நன்றாகப் பார்க்கலாமே என்று நான் தலையைத் தூக்கினேன். வெடி மேலால் போய்விட்டது. சேவல் ஒரு துள்ளுத் துள்ளி, பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்கு மேலால் பறந்தது. ஓர் இறகுகூட விழவில்லை.

"இந்தத் துவக்கு நேரில்ல!" என்றேன்.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணலெண்டாளாம்!" என்று சொல்லிவிட்டு மச்சாள் சிரிக்கத் தொடங்கினாள். சருகில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்தாள். கோபத்தில் இருந்த நானும் சிரித்துவிட்டேன். நிறுத்துவோம், முகத்தைப் பார்ப்போம், மறுபடி தொடங்கிவிடும். அவளை அப்படிப் பார்த்து எவ்வளவு காலம்! எனக்குச் சந்தோசத்தில் அந்தச் சேவலைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

பிறகுதான் பந்தயம் நினைவுக்கு வந்தது. பொம்மைப் பேட்டைச் சுருட்டிக்கொண்டு காருக்கு நடந்தேன்.

காட்டைவிட்டு வந்ததும் உண்ணி பார்க்க வேண்டும், அது சட்டம் மாதிரி. காருக்குப் பக்கத்தில் நான் கழுத்தைக் குனிந்து கொடுக்க, மச்சாள் என் முடியை விலக்கி விலக்கித் தேடினாள்.

"சட்டை தைக்கிற பொடிச்சி எத்தின நாள் எடுப்பாள் கா?" என்றாள்.

"என்ன சட்டை?"

"மகள் கல்யாணத்துக்கெண்டு எனக்கு எடுத்து வச்ச சீலைக்குத்தான். தாய்க்காரி பழஞ்சட்டையோடயா மணவறையில நிக்கிற?"

நான் நிமிரப் பார்த்தேன். அவள் விடவில்லை, தலையைப் பிடித்து அழுத்தினாள்.

"கோழி விழல்லயே மச்சாள். நீதானே வெண்டது?"

"வெல்லுறதெண்டா நான் வாயப் பொத்திக்கொண்டெல்லோ இரிந்திருப்பன்," என்றாள். "ஆட்டாத கா கழுத்த. இஞ்ச ஒண்டு நிக்கிது."