பூவாடைக்காரிக்கு ஒரு சீஸ்கேக்

அக்கா செத்துப்போன மறு ஆடியில் அவளுக்கு முதல் படையல் போட்டோம். கல்யாணமாகாமல் போய்ச் சேர்ந்த பெண்ணை எங்கள் வீட்டில் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை பார்த்து இலை போட்டு, புதுப் புடவை, வளையல், பூ எல்லாம் வைத்து, கற்பூரம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அவள் வந்து சாப்பிடுவாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனால், இலையில் எங்காவது விரல் பட்ட தடம் இருக்கும் என்பார்கள்.

வடையிலும் தடம் இல்லை, பாயசத்திலும் இல்லை. அம்மா குனிந்து குனிந்து பார்த்தாள்.

"தொடவே இல்ல பாரு. இன்னும் எம்மேல கோவமாத்தான் இருக்கறா."

"வடையில உப்பு ஜாஸ்தியோ இன்னாவோ" என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தச் சொட்டுச் சத்தம் எனக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் கேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அக்கா பாண்டிச்சேரி பக்கம் குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். லீவு கிடைக்கும்போது பஸ் பிடித்துத் திண்டிவனத்துக்கு வருவாள். கேக் என்றால் எங்களுக்குத் தெரிந்தது பேக்கரிக் கண்ணாடிக்குள் ரோஸ் கலரில் பூ வைத்து உட்கார்ந்திருப்பதுதான். அக்கா செய்யக் கற்றுக்கொண்டதோ வேறு சாதி. பாலைத் திரித்தோ தயிரைக் கட்டித் தொங்கவிட்டோ எடுத்த கட்டியில் முட்டையும் சர்க்கரையும் அடித்து ஊற்றி வேகவைப்பது. சீஸ்கேக் என்று பேர் சொன்னாள். அம்மாவுக்கு அதை ஒரு வாய் ஊட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அவள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வந்ததும் வராததுமாக அடுப்பில் பாலை வைத்து, பொங்கும்போது எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். பால் திரிதிரியாகப் பிரிந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தாள்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா பால திரிய உட்டுக்கினு நிக்கிறியே, இந்த வூடு வெளங்குமா?" பாத்திரத்தை அப்படியே தூக்கிச் சாக்கடையில் கொட்டினாள்.

அக்காவும் அம்மா பெற்ற பிள்ளைதானே, பிடித்தால் விடமாட்டாள். வீட்டிலிருந்த தயிரை ஒரு பழைய வேட்டித் துணியில் கட்டி, ஜன்னல் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டு, கீழே எவர்சில்வர் சட்டியை வைத்தாள். அது ஞாயிற்றுக்கிழமைவரை சொட்டிக்கொண்டே இருந்தது. சின்ன வீடு, எங்கே போனாலும் காதில் விழும். அம்மாவுக்கு அந்தச் சத்தமே பேஜாராகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டவ்வில் குண்டானை வைத்து, மணல் போட்டு, அதன்மேல் கலவை ஊற்றின தட்டை வைத்து மூடி வேகவைத்தாள். கலவைக்கு அடியில் ரஸ்க்கைப் பொடித்து நெய்யில் பிசைந்து அமுக்கியிருந்தாள். ஆறியதும் ஒரு துண்டை அம்மா வாயருகே கொண்டுபோனாள்.

"கெட்டுப்போன தயிர அவிச்சி வெச்சிக்கினு கேக்குன்றியே. மாட்டுத் தொட்டியில போடு."

எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். அம்மா முறைத்த முறையில் நான் அப்புறம் தின்கிறேன் என்று தட்டிலேயே வைத்துவிட்டேன். அக்கா தட்டை மூடி வைத்துவிட்டுப் பையைத் தூக்கினாள். அவளை பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. மாடு தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த லீவுக்கு அக்கா வரவில்லை. மஞ்சள்காமாலை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அம்மா அங்கே போனபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. அம்மா பேசப் பேச அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

காரியம் முடிந்த பிறகுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. மத்தியான வேளையில் வீடு அடங்கியிருக்கும்போது சமையற்கட்டிலிருந்து சொட்டு, சொட்டு என்று கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் ஆணி வெறுமனே இருக்கும், கீழே தரை காய்ந்திருக்கும். எங்கள் வீட்டில் குழாய்கூடக் கிடையாது, தண்ணீர் தெருப் பம்பில்தான். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த ஆணியைப் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வடையைத் தொடாதவள் கேக்கையாவது தொடுவாள் என்று எனக்குத் தோன்றியது. குயிலாப்பாளையம் போய் அந்த வெள்ளைக்காரம்மாவைப் பார்த்தேன். தனக்குத் தெரிந்த தமிழில் அழுதுகொண்டே பக்குவம் சொன்னாள். அவள் சொன்னபடி செய்து அடுத்த ஆடிப் படையலில் வைத்தேன். தீ அதிகமாகி, கேக் நடுவில் பிளந்துகொண்டது.

"வெடிச்சிருக்கு பாரு. அவ வயிறு எரியுது" என்றாள் அம்மா. இலையில் தடம் இல்லை.

அதற்கடுத்த வருஷம் மணலை எடுத்துவிட்டுக் குண்டானில் தண்ணீர் வைத்து, சிறு தீயில் வேகவிட்டேன். வெந்ததும் மூடியைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிட்டேன். ஒரு கீறல் இல்லாமல் வழவழவென்று வந்தது. அவள் தொடவில்லை. ரஸ்க்குக்குப் பதில் வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து வெல்லம் சேர்த்து அடியில் அமுக்கினேன், அக்கா மல்லாட்டை என்றால் உயிரை விடுவாள். தொடவில்லை. கேப்பை மாவை நெய்யில் வறுத்துப் போட்டேன், சர்க்கரையை விட்டுப் பனைவெல்லத்துக்கு மாறினேன், ஏலக்காய் தட்டினேன். ஒரு வருஷம் நாவல்பழத்தைக் காய்ச்சி மேலே ஊற்றினேன். ரத்தம் கட்டின மாதிரி இருக்கிறது என்று அம்மா அதை வழித்துப் போட்டுவிட்டாள். படையல் ஆயிற்றே என்று வருஷத்துக்கு வருஷம் இனிப்பை வேறு கூட்டிக்கொண்டே போனேன். எனக்கு இருந்ததோ ஒரே வாடிக்கைக்காரி, அவளும் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மிச்சத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவோம். அம்மா மட்டும் வாயில் வைக்க மாட்டாள். கதவைத் திறந்ததும் குனிந்து தடம் தேடுவாள், நிமிரும்போது இன்னும் கொஞ்சம் கிழவியாகியிருப்பாள். பார்க்கப் பார்க்க எனக்கு அக்காமேல்கூட ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று ஆணியைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன்.

அப்படி ஒரு ஆடியில் கதவைத் திறந்து பார்த்தோம், தடம் இல்லை. அம்மா என்ன நினைத்தாளோ, இலை முன்னால் உட்கார்ந்து கேக்கில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள்.

"இனிப்பு ஜாஸ்திடி. அவ பண்ணது புளிக்கும். முழுங்கறப்பதான் இனிப்பே தெரியும்."

"நீ எப்பம்மா தின்ன?"

"நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸுக்குப் போனீங்க இல்ல, அப்பதான். எப்படித்தான் இருக்குதுன்னு ஒரு வாய் போட்டேன். அப்புறம் முழுசும் நான்தான் தின்னேன். உன் துண்டையும் சேத்துத்தான்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அடுத்த தபா வர்றப்ப சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

இத்தனை வருஷம் என்னை அடுப்பில் வேகவிட்டுவிட்டு இதை இப்போது சொல்கிறாளே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

அடுத்த ஆடியில் வெள்ளிக்கிழமையன்று அம்மாவே தயிரைத் துணியில் கட்டினாள். அதே ஆணியில் மாட்டி, கீழே சட்டி வைத்தாள். நன்றாகப் புளிக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைவரை என்னை அதைத் தொட விடவில்லை. அந்த வருஷம் மட்டும் படையலே ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது. விடாமல் சொட்டுச் சத்தம் கேட்டது, யாரும் ஓடிப்போய்ப் பார்க்கவில்லை. ரஸ்க்கு, நெய், குண்டானில் மணல், எல்லாம் அக்கா செய்த மாதிரியே செய்தேன்.

இலை போட்டு, கற்பூரம் காட்டி, கதவைச் சாத்தினோம். மற்றவர்கள் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் கதவை விட்டு நகரவில்லை. கதவிடுக்கில் வாயை வைத்து, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில் பேசினாள்.

"நல்லா இருந்திச்சிடி. மாட்டுக்குப் போடல. முழுசும் நான்தான் தின்னேன்."

வெகுநேரம் அப்படியே நின்றாள். நேரமாகிவிட்டதே என்று நான் கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இர்றி. இன்னா ஜல்தி உனக்கு? மெதுவா தின்னட்டும்."