மாமன் திறக்கவேண்டிய கதவு

போன மாதம் போளூர் ரயில் நிலையத்தில் இறங்கி ஒரு வாடகைக் காரில் ஏறினேன். கிளம்பிய உடனே வண்டி 'டிங், டிங்' என்று மணியடிக்க ஆரம்பித்தது. டிரைவர் கொஞ்சமும் பதறவில்லை. முன்னால் இருந்த பெட்டியைத் திறந்தார். பெல்ட்டின் நுனியில் ஓர் இரும்பு நாக்கு இருக்குமே, அதை மட்டும் தனியாக எடுத்து 'டக்'கென்று பூட்டில் செருகினார். சத்தம் நின்றது.

"பெல்ட்டு போடலியா?" என்று கேட்டேன்.

"வண்டிக்கு போட்டாச்சு மேடம். எனக்குத்தான் போடல."

சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் என் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டேன். மெதுவாக இழுக்கவேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பாதியில் இறுகி நின்றுவிடும். இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். சீட்டுக்குக் கடையில் போட்டுத் தந்த பிளாஸ்டிக் உறையை அந்த மனிதர் இன்னும் கழற்றவில்லை. வெயில் பட்டு அது ஒரு வாசனை விட்டது பாருங்கள், புது வண்டி வாசனை. அது என்னை நேராக ஜமுனாமரத்தூருக்கு, சின்னராசு வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்விட்டது.

படிப்பு முடித்த கையோடு வேலூரில் ஒரு கார் ஷோரூமில் எனக்கு வேலை கிடைத்தது. சாவி கொடுக்கும் நாளில், வாங்குகிறவர் குடும்பத்துக்கு வண்டியின் வசதிகளை ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்லவேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வேலைக்கு எடுக்கும்போது யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. வண்டியோடு வரும் தடிப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் படித்த மாதிரி உருப்போட்டு வைத்திருந்தேன். தூக்கத்தில் நான் "அடுத்ததாக, அபாய விளக்கு" என்று சொல்வதாக விடுதித் தோழி புகார் செய்வாள்.

அந்த அபாய விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இடது பக்கம், வலது பக்கம் இரண்டும் சேர்ந்து மின்னுமே, அது வண்டி பழுதாகி நிற்கும்போது போடுவது. "நேரா போறேன்னு காட்றதுக்கு இல்லைங்க" என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். ஷோரூமைவிட்டு வெளியே போய் முதல் நாற்சந்தியில் நேராகப் போவதற்கு அதைத்தான் போடுவார்கள்.

சின்னராசு ஜமுனாமரத்தூரில் கடை வைத்திருந்தவர். சாமை, புளி, கடுக்காய், தேன் என்று மலையில் விளைவதை வாங்கிக் கீழே அனுப்புவார். ஏழு பேர் உட்காரும் வேன் ஒன்றை எங்களிடம் வாங்கினார். பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவு உள்ளது. ஆனால் சாவி வாங்க வேலூருக்கு வர மறுத்துவிட்டார். "பொண்ணு பாக்க போளூர்லேர்ந்து வர்றாங்க. அன்னிக்கி வண்டி எங்க வூட்டு வாசல்ல நிக்கணும். நீங்களும் கூட வந்து, அதுல இன்னா இன்னா கீதோ அதெல்லாம் அவங்க காதுல வுழற மாதிரி சொல்லணும்" என்று போனிலேயே ஏற்பாடு செய்துவிட்டார்.

ஷோரூம் டிரைவர் சாதிக் பாய், வாணியம்பாடிக்காரர், வேனை ஓட்டிவந்தார். மலைப்பாதை வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தின் பக்கங்களை மனதுக்குள் புரட்டினேன். "இன்னாம்மா, தூங்குறியா?" என்றார். "படிக்கிறேன் பாய்" என்றேன்.

சின்னராசுவின் வீட்டு வாசல் சமதரை இல்லை. மலையில் ஏது சமதரை? வாசல் அப்படியே சரிந்து இறங்கி, கீழே ஒரு வைக்கோல் போரில் போய் முடிந்தது. சாதிக் பாய் வண்டியை மேட்டில் நிறுத்தி, கைப்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, சாவியைச் சின்னராசுவிடம் கொடுத்தார். "தேன் நல்லா இருக்குமாமே, வாங்கிட்டு வர்றேன்" என்று சந்தைப் பக்கம் போய்விட்டார்.

போளூர்க்காரர்கள் ஏற்கெனவே வந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, மூன்றே பேர்தான். ஆனால் தெருவே வாசலில் நின்றது. எல்லாரும் பெண்ணைப் பார்க்க வந்தவர்களைப் பார்க்க வந்து, அவர்களை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் மலர் காபித் தட்டோடு வெளியே வந்தபோது திரும்பிப் பார்க்கக்கூட ஆளில்லை. நான் அப்போது குழந்தைப் பூட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இந்தக் கதவோட ஓரத்துல ஒரு சின்ன கொக்கி இருக்கு பாருங்க. இதை இப்படி தள்ளிட்டா, உள்ள இருக்கற கொழந்தைங்க கதவைத் தொறக்க முடியாது. வெளிய இருக்கறவங்கதான் தொறக்கணும்." சொல்லிக்கொண்டே தள்ளிக் காட்டினேன்.

"எல்லாம் ஏறி குந்துங்க, உள்ளேர்ந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார் சின்னராசு. சம்பந்தியாகப்போகிறவரும் அவர் மனைவியும் நடு வரிசையில் ஏறினார்கள். மாப்பிள்ளை பின் வரிசையில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். யாரோ கதவை இழுத்துச் சாத்தினார்கள். சின்னராசு டிரைவர் சீட்டில், நான் பக்கத்தில். சாவியைத் திருகியதும் மணி அடித்தது.

"அது இன்னாத்துக்குமா கத்துது?"

"நீங்க பெல்ட் போடலைங்க."

"சட்ட கசங்கிடும்மா. கத்தட்டும்."

அது கத்திக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்துப் போளூர்க்காரர், "ஜாதகம் நல்லா பொருந்தி இருக்குங்க" என்றார். 'டிங்' என்றது வண்டி. "பாத்தீங்களா, பல்லி சொல்ற மாதிரியே சொல்லுது!" என்று அவர் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் காற்றுப்பைக்கு வந்தேன். வண்டி பலமாக மோதினால் ஸ்டீயரிங்குக்குள்ளிருந்து பை ஒன்று பொசுக்கென்று ஊதிக்கொண்டு வெளியே வந்து நெஞ்சைக் காப்பாற்றும் என்று சொன்னேன். சின்னராசு ஸ்டீயரிங்கைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள கீதுன்னு எப்டி நம்புறது? எல்லாத்தையும் காட்னீங்க. இத்த காட்டலியே?"

"மோதினாத்தான் வரும்ங்க."

"பை போட்டதுக்கும் சேத்துத்தானம்மா வெல சொன்னாங்க" என்றார் வருத்தமாக.

பேச்சை மாற்றலாம் என்று பின்கண்ணாடி துடைப்பானைப் போடச் சொன்னேன். மலைப்பாதைத் தூசி அப்பிய கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. துடைப்பான் ஒரு சுற்று சுற்றியது. அரைவட்டமாகச் சுத்தமான அந்த இடத்தில் மலரின் முகம் தெரிந்தது. காபியைக் கொடுக்க ஆள் கிடைக்காமல் பின்பக்கமாக வந்து நின்றிருக்கிறாள். மாப்பிள்ளை திரும்பியவர் திரும்பினபடியே இருந்தார். துடைப்பான் போய்ப் போய் வந்தது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

சரி, இறங்கலாம் என்று போளூர்க்காரர் கதவை இழுத்தார். வரவில்லை. குழந்தைப் பூட்டு தன் வேலையைச் செய்தது.

"வெளியேர்ந்து தொறக்கணும்ங்க. நான் எறங்கி தொறக்கிறேன்" என்று என் பக்கக் கதவில் கை வைத்தேன். சின்னராசு என் பக்கம் குனிந்து, "நீங்க தொறக்கக் கூடாது" என்றார் மெல்ல.

"ஏங்க?"

"அங்க பாருங்க. பொண்ணுக்கு மாமன் வந்து நிக்கறான். அவன்தான் தொறக்கணும்."

கொஞ்ச தூரத்தில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, வேனுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். மலரின் தாய்மாமன், வேடியப்பன். நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஜீப்பில் அடித்துப் பிடித்து வந்து அப்போதுதான் இறங்கியிருந்தார். வண்டி வாங்கும் விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. தெருக்காரர்கள் சொல்லித் தெரிந்துகொண்டிருக்கிறார்.

சின்னராசுவின் மனைவி கோவிந்தம்மா தம்பியிடம் ஓடினார். "டேய் வேடி, கதவ தொறடா. சம்பந்தி உள்ள கீறாரு."

"காது குத்தச்சொல்ல மடியில வெச்சது நானு. சீர் செஞ்சது நானு. வண்டி வாங்கச்சொல்ல மட்டும் மாமன் ஞாபகம் வர்லியா? வாங்குனவங்களே தொறந்துக்கட்டும்."

கூட்டத்தில் வேறு யாராவது திறந்திருக்கலாம். நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் மாமன் திறக்க மறுத்த கதவை இன்னொருத்தர் திறந்தால், கல்யாணத்தில் மாமன் முறைக்கு அவர்தான் நிற்கவேண்டியிருக்கும் என்று பயந்தோ என்னவோ, எல்லாரும் ஓரடி பின்னால் போனார்கள். சின்னராசு இறங்கித் திறந்திருக்கலாம். இறங்கினால் மச்சானிடம் தோற்றதாகிவிடும். போளூர்க்காரர் முன்சீட்டைத் தாண்டி இறங்கியிருக்கலாம். பெண் பார்க்க வந்தவர் சீட்டைத் தாண்டுவாரா? பூட்டு இருந்தது ஒரே ஒரு கதவில். ஆனால் ஐந்து பேர் உள்ளே மாட்டிக்கொண்டோம். இப்படி ஒரு நிலைமையைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

உள்ளே புழுக்கம். போளூர்க்காரர் முகம் மாறத் தொடங்கியது. "மாமனுக்கே சம்மதமில்லாத எடத்துல..." என்று மனைவியிடம் ஆரம்பித்தார். பின்னால் மாப்பிள்ளை, "அப்பா, கொஞ்சம் இருங்கப்பா" என்றார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது. வெளியே மலர் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்ததைத் துடைப்பான் சுத்தமாகக் காட்டியது.

சின்னராசுவுக்குப் பதற்றம். சம்பந்தியின் கவனத்தைத் திருப்ப, "மேடம், வேற இன்னா கீது இதுல? சொல்லுங்க, சொல்லுங்க" என்றார்.

எனக்கு நாக்கு குழறியது. "அடுத்ததாக, கைப்பிரேக். இதை இறக்கினால்..."

"இப்டியா?" என்று இறக்கிவிட்டார்.

வேன் மெல்ல, ஒரு பெரிய மனுஷன் எழுந்து நடக்கிற மாதிரி, சரிவில் கிளம்பியது. சின்னராசுவுக்கும் ஓட்டத் தெரியாது; இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் செய்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் ஒப்பித்தேன். "சரிவான இடங்களில் வாகனத்தை நிறுத்தும்போது முதல் கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைக்கவும்" என்று சத்தமாக, தவறில்லாமல், முழு வாக்கியமாக.

கூட்டம் கத்தியதில் வேடியப்பன் திரும்பிப் பார்த்தார். கை கட்டு அவிழ்ந்தது. வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் ஓடிவந்து, வேனைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அவர் கைக்குக் கிடைத்தது பக்கக் கதவின் கைப்பிடி. பலம்கொண்ட மட்டும் பின்னால் இழுத்தார். வண்டி நிற்கவில்லை. கதவு அழகாகத் திறந்துகொண்டது.

அப்போதுதான் வேனின் மூக்கு வைக்கோல் போரில் 'பொத்'தென்று புதைந்தது. அந்தக் குலுக்கலில் போளூர்க்காரர் பிளாஸ்டிக் உறைமேல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, நேராக வேடியப்பன் மடியில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் தரையில். பிறகு கூட்டத்தில் ஒரு கிழவர், "மாமன் கதவ தொறந்துட்டான்பா!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

"தொறக்கணும்னு தொறக்கல. வண்டிய நிறுத்தத்தான் இழுத்தேன்" என்று வேடியப்பன் மூச்சிரைக்கச் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போளூர்க்காரர் அவர் மடியிலிருந்து எழுந்திருக்காமலே, "இப்டி ஓடியாற மாமன் இருக்கற வூட்ல தாராளமா பொண்ணு எடுக்கலாம்" என்றார். அவருடைய மனைவி மட்டும் இறங்கவில்லை. வண்டி நகர்ந்ததுமே மாட்டிய பெல்ட் மோதிய குலுக்கலில் இறுகிப் பிடித்திருந்தது; அவருக்குக் கழற்றத் தெரியவில்லை. "எனக்கு காப்பிய இங்கயே குடுத்துடுங்க" என்றார். மலர்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நான் கைப்பிரேக்கை இழுத்தேன். வண்டி நின்ற பிறகு.

சாதிக் பாய் தேன் பாட்டிலோடு வந்து, வைக்கோலுக்குள் நிற்கும் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் போகச்சொல்ல அது மேலதானேமா இருந்துச்சு?" என்றார். நான் வேன் பக்கம் திரும்பினேன். சின்னராசு ஒருவர்தான் அந்தக் கொண்டாட்டத்தில் சேராமல், ஸ்டீயரிங்கை முறைத்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"மோதிட்டோம் இல்ல? பை எங்க?"

"மெதுவா மோதினா வராதுங்க. வைக்கோல்தானே..."

"மெதுவாவோ வேகமாவோ, மோதுனது மோதுனதுதானம்மா? பை போடாமலே அனுப்பிட்டாங்க." என்ன சொல்லியும் அவர் அதைத்தான் நம்பினார். மேனேஜருக்கு வாராவாரம் போன் செய்து அந்தப் பையைக் கேட்டார்.

கல்யாணம் போளூரில் நடந்தது. மணமக்கள் அந்த வேனில் வந்து இறங்கியபோது வேடியப்பன் புது வேட்டி கட்டி நின்று கதவைத் திறந்தார். வேனைச் சின்னராசு மகளுக்கே சீராகக் கொடுத்துவிட்டார். மலர் என்னிடம் வாங்கிய போன் நம்பரை விடவில்லை. வண்டியில் ஏதாவது விளக்கு எரிந்தால் கூப்பிடுவாள், விளக்கு எரியாவிட்டாலும் கூப்பிடுவாள். நான் வேலூர் வேலையை விட்டுவிட்டேன். இப்போது அப்படி ஒரு வேலையே கிடையாது. சாவியோடு போனுக்கு ஒரு வீடியோ அனுப்பிவிடுகிறார்களாம். அதில் பேசும் பெண் ஓரிடத்திலும் தடுமாறுவதில்லை. யாரும் அவளிடம் எதையும் மோதிக் காட்டச் சொல்வதும் இல்லை.

போளூர் காரில் போய்க்கொண்டே மலரைக் கூப்பிட்டேன். ஓசூரில் இருக்கிறாள். அந்த வேனைப் போன வருஷம் விற்றுவிட்டார்களாம்.

"ஒண்ணு கேக்கணும்க்கா. வாங்குன ஆளு சொல்றான், கதவு ஓரத்துல ஒரு கொக்கி இருக்காம், அத்த தள்ளுனா உள்ளேர்ந்தே தொறக்கலாமாம். நெஜமா?"

அன்றைய கூத்தில் அந்தக் கொக்கியைத் திரும்பத் தள்ளிவைக்க மறந்தே போயிருக்கிறேன். இத்தனை வருஷமும் அவர்கள் அந்த வண்டி அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அப்ப எப்படி மலர் எறங்குனீங்க?"

"மத்த எடத்துல எங்க வூட்டுக்காரரு எறங்கி தொறப்பாரு. அப்பா வூட்டுக்குன்னா மலையேறச்சொல்லவே போன் பண்ணிடுவோம். வண்டி சத்தம் கேட்டதும் அப்பா கடைய போட்டுட்டு ஓடியாருவாரு. மாமா இருந்தா மாமா தொறக்கும். யாரும் இல்லன்னா பக்கத்து வூட்டுக்காரங்க. எல்லாரும் வாசல்ல நிப்பாங்கக்கா, நாங்க உள்ள குந்தினு கையாட்டுவோம்."

"இப்ப?"

"இப்ப புது கார்க்கா. அவங்கவங்க கதவ அவங்கவங்க தொறந்துக்கறோம். போன தீபாவளிக்கு போயிருந்தோம். நாங்க எறங்கி, செருப்ப வுட்டுட்டு, சமையக்கட்டு வரைக்கும் போய் தண்ணி மொண்டு குடிச்சிட்டோம். அதுக்கப்புறம்தான் அப்பா பாத்துட்டு கேக்கறாரு, எப்பம்மா வந்தீங்கன்னு."