ஏழுக்கு மேல் வேண்டாம் என்றவர்

போன செவ்வாய்க்கிழமை காலை வேங்கிக்கால் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சாரின் மகள் பத்மாவின் அழைப்பு வந்தது. "அப்பா போயிட்டாரு அங்கிள். கஞ்சி கேட்டு வாங்கிக் குடிச்சாரு. அப்படியே சாஞ்சிட்டாரு." அவள் அழாமல் பேசினாள். நான்தான் டீக்கடையில் நின்று அழுதேன். நில அளவைப் பிரிவில் வரைவாளராக இருந்த தரணேந்திரன் சாரை அறிந்த உங்களுக்கும் செய்தி வந்திருக்கும். எதிர் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் இருவருக்கும் கைக்கடிகாரப் பைத்தியம். என் பைத்தியத்துக்குக் கணக்கு வழக்கில்லை; மேசை இழுப்பறை நிறைந்து பீரோவுக்குள் போய்விட்டது. அவரிடம் ஏழு குழி வைத்த ஒரு மரப்பெட்டி மட்டும் இருந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கத்துச் சமணக் குடும்பம். ஆசைப்படும் பொருளுக்கு ஒரு எல்லை வைத்துக்கொள்வது அவர் எடுத்த விரதம். கடிகாரத்தில் அந்த எல்லை ஏழு.

பெட்டி நிறைந்திருந்த நேரத்தில்தான் அவருக்கு ஆழ்கடலில் முங்குகிறவர்கள் கட்டும் கடிகாரத்தின் மேல் ஆசை வந்தது. விலை உயர்ந்த ரகம். மாதக்கணக்கில் படம் பார்த்தார், குறிப்பு எழுதினார்.

"ஏரியில கூட எறங்காத ஆளு. டைவ் வாட்ச் எதுக்கு சார்?" என்று சீண்டினேன்.

"மூச்சு தீர்றதுக்குள்ள மேல வந்துடணும்னு அவனுக்கு அவசரம். பொழுது போறதுக்குள்ள சாப்டுடணும்னு எனக்கு அவசரம். ரெண்டு பேருக்கும் ஒரே வாட்ச்தாங்க" என்றார். சூரியன் மறைந்த பிறகு அவர் சாப்பிட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

"எட்டாவதா வாங்கி வீட்டம்மா பேர்ல வெச்சுக்குங்களேன்" என்றும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "பேர மாத்திட்டா ஆசை கம்மியாயிடுமா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலைவரை எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

இருவரும் பஸ் ஏறிச் சென்னைக்குப் போனோம். கடைக்காரர் எல்லோரும் வாங்கும் கறுப்பையும் நீலத்தையும் வரிசையாக எடுத்து வைத்தார். சார் ஓரத்தில் கிடந்த வெண்கலக் கடிகாரத்தைக் காட்டினார். "அது வியர்வை பட்டா பச்சை பூக்கும் சார். பலபேர் திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றார் கடைக்காரர். "பூக்கட்டுமே. நமக்கும்தான் முடி நரைக்குது" என்றார் இவர். அதிலிருந்த தோல் பட்டையைக் கழற்றித் துணிப்பட்டை மாட்டிய பிறகுதான் கையில் வாங்கினார்.

முகப்பைச் சுற்றி இருந்த வளையம் ஒரு பக்கமாக மட்டும் திரும்பியது. காரணம் கேட்டார். "தண்ணிக்குள்ள தெரியாம இடிச்சு நகர்ந்தாலும் மிச்ச நேரத்தைக் கம்மியாத்தான் காட்டும் சார். ஜாஸ்தியா காட்டவே காட்டாது." சார் அந்த வளையத்தை ரொம்ப நேரம் திருப்பிக்கொண்டே இருந்தார். அப்போதே முடிவாகிவிட்டது.

திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இறங்கியதும், "இது வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு வெளிய போயிடணும்" என்று சொல்லித் தன் கையில் இருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினார். முதல் சம்பளத்தில் வாங்கிய, தினமும் சாவி கொடுக்கிற கடிகாரம். நான் வருடக்கணக்காகக் கண் வைத்திருந்ததும் அதுதான்.

"இதையா சார்? பிடிக்காதது ஏதாவது..."

"பிடிக்காதத குடுத்தா அது குப்பை கொட்டுறதுங்க."

வெண்கலக் கடிகாரம் அவரோடு நிலம் அளக்க வயலுக்கும் வந்தது. வளையத்தின் புள்ளியை அன்றன்று சூரியன் மறையும் நிமிடத்தில் வைத்துக்கொள்வார். ஒரு மேகமூட்டமான மாலை, அளவைக்கல்லில் கை இடித்து வளையம் நகர்ந்தது அவருக்குத் தெரியவில்லை. பாதிச் சோற்றில் டப்பாவை மூடி வாய் கொப்பளித்துவிட்டார். பார்த்தால் மேகம் விலகி மலை மேல் வெயில் அடிக்கிறது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "இன்னும் பொழுது இருக்குதே சார், சாப்டுங்க."

"வாய் கொப்பளிச்சாச்சு. விடுங்க. நல்ல வாட்ச்தான், ஏமாத்தல" என்றார். பசியோடு பஸ்ஸில் வந்தார், முகத்தில் சந்தோஷம்.

ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒருமுறை போன் செய்வார். முடிக்கும்போது கேட்பார்: "நம்ம வாட்ச் ஓடுதா?" "ஓடுது சார்" என்பேன். பொய். கீறல் விழுந்துவிடுமோ என்று பயந்து, அவர் தந்ததைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்ததோடு சரி. ஒருநாள்கூடச் சாவி கொடுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை அதைத்தான் முதலில் எடுத்தேன். சாவி கொடுத்தேன், ஓடியது. கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பத்மா என் கையைப் பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை. "இன்னைக்குத்தாம்மா சாவி குடுத்தேன். இத்தனை வருஷம் உங்கப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

"அப்பாவுக்குத் தெரியும் அங்கிள். 'அவர் கட்ட மாட்டாரு, பத்திரமா வெச்சிருப்பாரு. நான் கேட்டுக்கிட்டே இருந்தா ஒருநாள் கட்டிடுவாரு'ன்னு சொல்வாரு."

அவருடைய பெட்டியில் ஏழு கடிகாரங்கள் இருக்கின்றன; அவை அவர் பிள்ளைகளுக்கு. என்னிடம் இருப்பது அவர் எனக்கென்று கழற்றித் தந்த ஒன்று. தினமும் காலையில் டீக்கு முன்னால் சாவி கொடுக்கிறேன். அதற்குள் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. ஓடுது சார். இப்போது நிஜமாகவே ஓடுது.