சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதை நான் மறப்பதில்லை, மற்றவர்களையும் மறக்க விடுவதில்லை. கண்டி டவுனில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. நாள் முழுக்க நின்றுவிட்டு, பஸ்ஸில் தொங்கி, ஹந்தானை ஏற்றத்தில் அக்காவும் நானும் இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீட்டுக்கு, நடந்து வரும்போது கால்கள் என்னுடையவையாகவே இருக்காது.

அந்த வாரம் அக்காவின் மகளுக்கும் கால் சரியில்லை. நான்கு வயது. தகரம் குத்திய புண் சீழ் பிடித்து, பாதம் வீங்கிச் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சீழை எடுத்துக் கட்டுப் போட்டு, க்ளொக்சசிலின் பாணி மருந்து எழுதினார். மூன்று நாளில் வீக்கம் இறங்காவிட்டால் வார்டில் சேர்த்து ஊசி மூலம் மருந்து ஏற்ற வேண்டும் என்றார். அக்காவின் முந்தானையைப் பிடிக்காமல் அந்தப் பிள்ளை ஒரு நாளும் தூங்கியதில்லை. அக்கா வழி முழுக்கப் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

வீட்டில் மருந்துத் தூளில் ஆறிய கொதிநீரைக் கோடு வரை ஊற்றி, குலுக்கி, போத்தலில் என் நல்ல கையெழுத்தில் எழுதி ஒட்டினேன்: நாளுக்கு நான்கு தரம், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன். பிறகு விளக்கமும் சொன்னேன்.

"வயித்துல ரொட்டியோ பாலோ இருந்தா இந்த மருந்து ரத்தத்துக்குப் போறது கொறஞ்சிரும் அக்கா. ரத்தத்துல போனாத்தான் கால்ல இருக்கிற கிருமிகிட்ட போய்ச் சேரும். நேரம் விட்டுப்போனா கிருமி திரும்பத் தலை தூக்கும்."

அக்கா ரொட்டி தட்டிக்கொண்டே, "சரிங்க டாக்டரம்மா. அந்தக் கிருமிக்கும் ஒரு கதிரையப் போட்டு, உக்கார வச்சு இதச் சொல்லிரு" என்றாள்.

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது வந்து கட்டைப் பிரித்தேன். சிவப்பு அப்படியே இருந்தது. தொட்டால் சுட்டது. தண்ணீர்ச் சட்டியில் குளிர வைத்திருந்த போத்தலை எடுத்துப் பார்த்தேன். மருந்து எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவு குறைந்திருந்தது.

"எப்படிக் குடுத்த?"

"நேரத்துக்குத்தான் குடுத்தேன். ரொட்டி தின்ன வச்சிட்டு."

"தின்ன வச்சிட்டா?"

"வெறும் வயித்துல மருந்து ஊத்துனா பச்சப் புள்ளைக்குக் கொடல் வெந்துராதா? பிள்ளைக்காம்பராவுல இவளப் பாத்துக்கிற ஆயாவும் மத்தியானம் பால்ல கலந்துதான் குடுத்தாங்க. கசக்குதுன்னு துப்புதாம்."

"நான்தான் எழுதி ஒட்டியிருந்தேனே!"

"எனக்கு ஒட்டுனியா, ஒனக்கு ஒட்டுனியா?"

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. எனக்கு அது தெரியாததா?

அவள் நிறுத்தவில்லை. "அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, தண்ணி புடிச்சு, இவளக் கொண்டுபோய் ஆயாகிட்ட விட்டுட்டு நான் பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடணும். லேட்டானா கங்காணி திருப்பி அனுப்பிருவாரு. அந்த ஒரு மணித்தியாலத்த எங்க போய்த் தேடுறது, சொல்லு."

போத்தலில் ஒட்டிய அதே வாக்கியத்தை பார்மசியில் எத்தனையோ தாய்மாரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து கொடுத்த விதத்தை டாக்டர் கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நானும் பார்மசிக்காரி என்று சொல்லிக்கொள்ளத்தான் முதல் நாளே ஆசைப்பட்டிருந்தேன். அன்றைக்கு அதைச் சொல்ல வேண்டி வந்தது வேறு மாதிரி.

"நான் பார்மசியில வேலை செய்றேன் சேர். நான் சொல்லிக் குடுத்தது சரியில்ல. சாப்பாட்டோடதான் குடுத்திருக்கு."

டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. இரண்டு நாள் தவணை கொடுத்தார், அதற்கு மேல் முடியாது என்றார்.

அதன் பிறகு ஐந்து மணிக்கு நானே எழும்பி, அக்கா அடுப்பு மூட்டும்போது, பாதித் தூக்கத்தில் இருந்த பிள்ளையின் வாயில் மருந்தை ஊற்றினேன். ரொட்டியைக் கிளம்பும்போது கையில் கொடுத்தோம். பிள்ளைக்காம்பராவுக்குப் போய், "சோத்துக்கு உலை வச்ச உடனே குடுத்திருங்க ஆயா, பால் வேணாம்" என்றேன்.

"மூஞ்சியில துப்புறாளே மக!"

"துப்பட்டும். என்னையத் திட்டுங்க."

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும், தேநீருக்கு முன்னால் அக்கா கொடுத்தாள். இராச் சாப்பாடு செரித்து வயிறு காலியானபின் படுக்கையில் ஒரு தரம் நான். இடையில் பார்மசி, பஸ், ஏற்றம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே கண் சொக்கியது.

இரண்டாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்தார். சிவப்பு சுருங்கி, புண்ணைச் சுற்றி மட்டும் நின்றது. "வார்ட் வேண்டாம். ஏழு நாளும் விடாமல் கொடுங்கள்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பிள்ளை என் மடியில் இருந்தது.

"சின்னம்மா, நாளைக்கும் கசப்பா?"

"நாளைக்கும்."

ஐந்து மணியை நினைத்தபோதே கண் எரிந்தது.